எதிரியை எண்ணிப் பார்க்கவும் சொல்லிக் கொடுங்கள்: குமரி மாவட்ட வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குளச்சல் போரைப் பற்றி நம் பிள்ளைகள் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அவர்கள் எழுதும் கட்டுரைகளையும் வாசித்திருக்கிறேன். 1741, மார்த்தாண்ட வர்மா, டச்சுக் கம்பெனி, சரணடைந்த டச்சு அதிகாரி டிலனாய், கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூண் என எல்லாம் சரியாக வருகிறது. ஐரோப்பியப் படை ஒன்றை நம் மண்ணில் தோற்கடித்த பெருமையும் வருகிறது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் எந்தப் பேச்சிலும் வருவதில்லை. கடலில் நின்றவனுக்குக் கரையில் எத்தனை பேர் என்று எப்படித் தெரிந்தது? கரையில் நின்றவனுக்கு, கடலுக்கு அப்பாலிருந்து இன்னும் என்ன வரப்போகிறது என்று யார் சொன்னார்கள்? பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இரு தரப்பும் எப்படி முடிவெடுத்தன? இந்தக் கேள்வியை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் குளச்சல்காரன். வள்ளமும் வலையும் இருந்த வீட்டில் பிறந்து, சரக்குக் கப்பலில் மாலுமியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போர்க்கப்பலில் வேலை செய்ததில்லை. ஆனால் இரவுக் காவலில் நின்று, தூரத்தில் தெரியும் இரண்டு விளக்குகளை வைத்து அது என்ன கப்பல், எந்தப் பக்கம் போகிறது, நமக்குக் குறுக்கே வருமா வராதா என்று முடிவு செய்வது எங்கள் அன்றாட வேலை. அந்த வேலை பார்த்தவன் கடற்போர் வரலாற்றைப் படித்தால் பீரங்கிக்கு முன்னால் கண்ணும் காதும்தான் தெரியும்.

கணக்கு ஆசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று ஏறத்தாழக் கிடைக்கும். குளச்சல் மணலில் நிற்கும் ஒரு சிறுவனின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவனுக்கு அடிவானம் நாலரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 30 மீட்டர் உயரப் பாய்மர உச்சியில் இருப்பவனுக்கு அது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அதனால் கரையிலிருப்பவன் முதலில் பார்ப்பது கப்பலின் உச்சியை மட்டும்தான், உடல் பிறகுதான் மேலே எழும்பி வரும். கப்பலில் இருப்பவனுக்கு வேறு சிக்கல். அவனுக்கு மணலும் தென்னந்தோப்பின் முன்வரிசையும் தெரியும். தோப்புக்குப் பின்னால் நூறு பேரா பத்தாயிரம் பேரா என்பது பாய்மரத்தின் உச்சியில் ஏறினாலும் தெரியாது.

இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, எங்கள் கரையில் வழிவழியாகச் சொல்லும் கதை புதிதாகக் கேட்கும். டச்சுக் கப்பல்கள் பார்க்கும்படி மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள், கடலிலிருந்து பார்த்தவனுக்கு அது துப்பாக்கி ஏந்திய படையாகத் தெரிந்தது என்பார்கள். பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டியதாகவும் சொல்வதுண்டு. இது வாய்மொழிக் கதை, அப்படியே சொல்லிக் கொடுங்கள். கதை நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லி வைத்த நம் முன்னோருக்கு, கடலிலிருந்து பார்ப்பவனின் கண் எங்கே ஏமாறும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி ஆவணங்களில் உள்ள போருக்கு வருவோம். 1739-இல் டச்சுக் கம்பெனியின் இலங்கை ஆளுநர் வான் இம்ஹோஃப் மலபார்ப் பகுதிக்கு வந்து நிலவரம் பார்த்தார். வேணாட்டு (பின்னாளில் திருவிதாங்கூர்) அரசர் மார்த்தாண்ட வர்மா வடக்கே ஒவ்வொரு சிற்றரசாகச் சேர்த்துக்கொண்டு போவது மிளகு வணிகத்துக்கு ஆபத்து, படையைக் கொண்டு அடக்க வேண்டும் என்பது அவர் முடிவு. கம்பெனியின் மொத்த பலத்தை எண்ணினால் அந்த முடிவில் தப்பில்லை போலத்தான் இருக்கும். கொச்சி, கொழும்பு, நாகப்பட்டினம், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) என்று கடலோரம் முழுக்க அவர்கள் கோட்டைகள். உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பற்படைகளில் ஒன்று அவர்களுடையது. அதன் முன்னால் வேணாடு ஒரு சிறு நாடு.

ஆனால் குளச்சலில் சண்டை போட்டது கம்பெனியின் மொத்த பலம் அல்ல, குளச்சலுக்கு வந்து இறங்க முடிந்த பலம் மட்டும்தான். 1740 அக்டோபரில் பத்தாவியாவில் சீனர்கள் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து ஜாவாவில் பெரும் போர் மூண்டது. கம்பெனியின் தலைமையிடமே தீப்பிடித்த நிலையில் இருக்கும்போது அங்கிருந்து மலபாருக்கு ஆள் அனுப்ப வழியில்லை. குளச்சலில் இறங்கி இரணியல் வரை கைப்பற்றிய டச்சுப் படை, அரசரின் தலைநகரான பத்மநாபபுரத்தைப் பிடிக்கத் துணைப்படை வரும் என்று காத்திருந்தது. எதிர்பார்த்த படை வரவில்லை. வடக்கே இருந்த அரசர் திரும்பி வந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டார். ஆனி, ஆடி மாதத்தில் நம் கடல் எப்படி இருக்கும் என்று உங்கள் வகுப்பிலுள்ள மீனவர் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் திறந்த கரையில் கப்பலை நங்கூரமிட்டு ஆளும் அரிசியும் இறக்குவது என்ன பாடு என்று அந்தப் பிள்ளை சொல்லும். கடைசியில் டச்சு முகாமில் வெடிமருந்து தீப்பற்றி அரிசி இருப்பும் எரிந்துபோக, ஆகஸ்டில் சரணடைந்தார்கள்.

இதிலிருந்து வகுப்பில் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது. எதிரியிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, அதில் இந்த இடத்துக்கு இந்த மாதத்துக்குள் எவ்வளவு கொண்டுவர முடியும்? இரண்டும் வேறு வேறு எண்கள். வான் இம்ஹோஃப் வேணாட்டைப் பற்றித் தவறாக எண்ணினார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். தன் கம்பெனி குளச்சலுக்கு என்ன கொண்டுவர முடியும் என்பதையும் அவர் தவறாகத்தான் எண்ணியிருந்தார். என் பார்வையில் அந்த இரண்டாவது தவறுதான் பெரியது. ஜாவாவில் தீ எரிவது பத்மநாபபுரத்துக்கு எப்போது எட்டியது, எந்த வணிகர் வழியாக எட்டியிருக்கலாம் என்று தேடச் சொன்னால், நல்ல மாணவன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போவான்.

டிலனாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறைக்கு நீங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள். நம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், வலிய கப்பித்தான் என்று பேர் வாங்கினார் என்று சொல்கிறீர்கள். அதோடு இதையும் சேருங்கள்: கம்பெனி எப்படிக் கணக்குப் போடும், எதைக் கண்டு அஞ்சும், எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று உள்ளிருந்து அறிந்த ஒருவர் அரசரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆயிரம் ஒற்றர்கள் கொடுக்க முடியாத அறிவு அது. சிறைபிடித்தவரைக் கொல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டதன் பயன் பயிற்சியோடு முடிந்திருக்க முடியாது.

சரி, 1741 பழைய கதை என்று பிள்ளைகள் நினைத்தால், 1971-க்கு வாருங்கள். அங்கேயும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் நிற்கிறார். துணை அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் 1919-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். வங்கதேசப் போரின்போது விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைவர் அவர்தான். குளச்சல் போரைப் பேசும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவர் கையில் இருந்த நிலைமையைப் பாருங்கள். இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அவர் பொறுப்பில் இருந்தது. ஆனால் அதன் கொதிகலனில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. பாகிஸ்தானிடம் வங்கக் கடல் வரை வந்து திரும்பும் அளவு தாக்குப்பிடிக்கும் நீர்மூழ்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, காஸி. அமெரிக்காவிடமிருந்து பெற்ற பழைய கப்பல் அது. அது வருகிறதா, எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. தண்ணீருக்கடியில் இருப்பதை எப்படிப் பார்ப்பது?

இங்கே அவர் யோசித்த விதத்தை வகுப்பில் நிதானமாகச் சொல்ல வேண்டும். வங்கக் கடலில் அவ்வளவு தூரம் ஒரு நீர்மூழ்கியை அனுப்பும் அளவுக்கு மதிப்புள்ள இலக்கு என்ன? விக்ராந்த் மட்டும்தான். அனுப்பக்கூடிய கப்பல் எது? காஸி மட்டும்தான். அப்புறம், சிட்டகாங் துறைமுகத்துக்கு எதிரி அனுப்பிய செய்தி ஒன்று இடைமறித்துக் கேட்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் பற்றிய விசாரிப்பு. அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளுக்கும் கண்ணிவாரிக் கப்பல்களுக்கும்தான் பயன்படும். போர்த் திட்டமோ ரகசியக் குறியீடோ அதில் ஒன்றுமில்லை, வெறும் சரக்கு விசாரிப்பு. ஆனால் ஏற்கெனவே சரியான கேள்வியைக் கேட்டு வைத்திருந்தவருக்கு அந்த எண்ணெயே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது இன்னும் சுவையானது. எதிரி தன்னைப் பற்றி எதைக் கொண்டு அறிந்துகொள்வான் என்று யோசித்தார். விக்ராந்தை அந்தமான் தீவுகளில் ஒரு மறைவிடத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து நாசகாரிக் கப்பலான ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு வெளியே நிறுத்தி, பெரிய கப்பல் ஒன்று அனுப்புவது போல ஏராளமான வானொலிச் செய்திகளை அனுப்பச் சொன்னார். விக்ராந்திலிருந்து ஒரு மாலுமி, உடம்பு சரியில்லாத தன் தாயைப் பற்றி விசாரிப்பது போல ஒரு சாதாரணத் தந்தியும் போனது. துறைமுக ஊரில் இறைச்சியும் காய்கறியும் ஒரு கப்பற்படைக்கே வேண்டிய அளவில் கேட்கப்பட்டன. சந்தையில் காது வைத்திருப்பவன் எவனும் அதைக் கேட்டு, விக்ராந்த் இங்கேதான் இருக்கிறது என்று எழுதுவான் அல்லவா?

காஸி விசாகப்பட்டினத்துக்குத்தான் வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டித் துறைமுக வாயிலுக்கு அருகே வெடித்து மூழ்கியது. அதில் இருந்த 90-க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ராஜ்புத் போட்ட ஆழ்நீர்க் குண்டு காரணம் என்று இந்தியத் தரப்பு சொல்கிறது. தானே விதைத்த கண்ணிவெடியாலோ உள்வெடிப்பாலோ மூழ்கியது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது. இந்த இரண்டையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எது எப்படியானாலும், காஸி தேடி வந்த கப்பல் அங்கே இல்லை. கடலில் எண்ணெய்ப் படலத்தையும் மிதக்கும் பொருள்களையும் கண்டு கரைக்கு முதல் செய்தி கொண்டுவந்தவர்களில் உள்ளூர் மீனவர்களும் உண்டு என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள்.

இந்தக் கதையோடு நிறுத்திவிட்டால் பாதிப் பாடம்தான். ஆறே நாளில், டிசம்பர் 9 இரவு, அதே இந்தியக் கடற்படையின் போர்க்கப்பல் குக்ரி டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோரால் தாக்கப்பட்டு மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் அவரோடு 193 பேரும் கப்பலோடு போனார்கள். அங்கே நீர்மூழ்கி இருப்பது தெரியாமல் போகவில்லை. வானொலி அலையைத் திசை பார்த்துக் கண்டுபிடித்து, அதை வேட்டையாடத்தான் குக்ரியும் கிர்பானும் அனுப்பப்பட்டன. ஆனால் தேடிப் போன கப்பல்களின் ஒலியுணர் கருவி பழையது, தேடப்பட்ட நீர்மூழ்கியினுடையது புதியது. இவர்கள் அதைக் கேட்பதற்கு முன்பே அது இவர்களைக் கேட்டுவிட்டது. எதிரி எங்கே என்று தெரிந்திருந்தும், யாருக்கு யார் முதலில் தெரிவார்கள் என்ற கணக்கு விட்டுப்போனது. காஸியைச் சொல்லும் வகுப்பில் குக்ரியையும் சொல்லாவிட்டால், அந்த 194 பேருக்கும் நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

சந்தையில் சரக்குக் கேட்டு எதிரியை நம்பவைப்பது கிருஷ்ணனுக்கு முன்பும் நடந்திருக்கிறது. 1939 டிசம்பரில் ஜெர்மனியின் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பீ தென் அட்லாண்டிக்கில் மூன்று பிரிட்டிஷ் தரப்புக் கப்பல்களைச் சந்தித்தது. தூரத்திலிருந்து பார்த்து ஒன்று குரூசர் (நாசகாரியைவிடப் பெரிய, பலமான போர்க்கப்பல்), மற்ற இரண்டும் நாசகாரிகள் என்று கணித்து நெருங்கியது. மூன்றும் குரூசர்கள். அடிபட்டு மான்டிவிடியோ துறைமுகத்துக்குள் போன பிறகு, பிரிட்டிஷார் ஒட்டுக்கேட்கப்படும் தொலைபேசியிலேயே பெரிய போர்க்கப்பல்களுக்கு எரியெண்ணெய் வேண்டும் என்று அர்ஜென்டினாவில் கேட்டார்கள். வெளியே பெரும்படை நிற்கிறது என்று கேப்டன் லாங்ஸ்டார்ஃப் நம்பினார். உண்மையில் புதிதாக வந்து சேர்ந்திருந்தது கம்பர்லாந்து என்ற ஒரு குரூசர்தான். டிசம்பர் 17 அன்று தன் கப்பலைத் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். முதல் நாள் எதிரியைக் குறைத்து எண்ணியவர், நாலாம் நாள் கூட்டி எண்ணினார்.

கூட்டி எண்ணுவதில் ஆபத்து இல்லை, அது ஜாக்கிரதை என்று பலர் நினைக்கிறார்கள். 1944 அக்டோபர் 25-ஐ எடுத்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸின் சாமர் தீவருகே ஜப்பானியத் தளபதி குரீட்டா, உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல் யமாட்டோ உட்பட 4 போர்க்கப்பல்களோடு அமெரிக்கர்களின் ஒரு சிறு பிரிவைத் திடீரென்று கண்டார். 6 சிறிய விமானந்தாங்கிகளும் 7 நாசகாரி வகைக் கப்பல்களும்தான் எதிரே இருந்தன. மழையும் புகைத்திரையும் சேர்ந்துகொள்ள, ஜப்பானியக் காவலாளிகள் சிறிய விமானந்தாங்கிகளைப் பெரியவை என்றும் நாசகாரிகளைக் குரூசர்கள் என்றும் சொன்னார்கள். அந்தச் சின்னக் கப்பல்களும் பெரிய கப்பல்கள் போலவே பாய்ந்து தாக்கின. இரண்டரை மணி நேரத்துக்குள் குரீட்டா படையைத் திருப்பிக்கொண்டார். கைக்குள் இருந்த வெற்றி, எதிரியைப் பெரிதாக எண்ணியதால் போனது.

அதற்குச் சில நாள் முன்பு தைவானுக்கு அருகே நடந்த விமானத் தாக்குதல் இன்னும் கசப்பானது. திரும்பி வந்த ஜப்பானிய விமானிகள் ஒவ்வொருவரும் தான் மூழ்கடித்ததாகச் சொன்னதைக் கூட்டி, 11 அமெரிக்க விமானந்தாங்கிகள் மூழ்கின என்று அறிவித்தார்கள், நாட்டில் கொண்டாட்டமும் நடந்தது. உண்மையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. இரவில், அனுபவமில்லாத இளைஞர்கள், தீப்பிழம்பைப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதைச் சரிபார்க்காமல் கூட்டியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

பசிபிக் கடலில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய மிட்வே போரைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1942 ஜூன் 4 காலை ஜப்பானின் வேவு விமானம் ஒன்று பத்துக் கப்பல்களைக் கண்டதாகச் செய்தி அனுப்பியது. அவை என்ன வகை என்று அதில் இல்லை. ஜப்பானியத் தளபதி நகுமோவுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். விமானந்தாங்கி ஒன்று இருக்கிறது போலும் என்ற செய்தி வருவதற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போய்விட்டது. அன்று அவர்கள் தரப்பில் 4 விமானந்தாங்கிகள் அழிந்தன.

நான் அதிகம் படித்து, அதிகம் யோசித்த கதை ஜட்லாண்ட். 1916 மே 31, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய நாள். பிரிட்டனிடம் எதிரியின் குறியீட்டுச் செய்திகளை உடைத்துப் படிக்கும் அருமையான குழு ஒன்று, நாற்பதாம் அறை என்ற பெயரில் இருந்தது. ஜெர்மன் படை புறப்படப் போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்ததும் அவர்கள்தான். அன்று காலை, செயல்பாட்டுப் பிரிவின் அதிகாரி ஒருவர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: டி.கே. என்ற அழைப்புக்குறி (வானொலியில் ஒருவரை அடையாளம் காட்டும் குறி) எங்கே இருக்கிறது? அது ஜெர்மன் தளபதி ஷியரின் அழைப்புக்குறி. துறைமுகத்தில் இருக்கிறது என்றார்கள். கேட்டதற்குச் சரியான பதில் அது. அவர் போய், ஜெர்மன் தலைமைக் கப்பல் இன்னும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை என்று கடலில் இருந்த தளபதி ஜெலிக்கோவுக்குத் தெரிவித்துவிட்டார்.

ஷியர் கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த அழைப்புக்குறியைக் கரையிலேயே விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஷியர் எங்கே என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்டவர் அதைக் கேட்கவில்லை, எதற்காகக் கேட்கிறார் என்றும் சொல்லவில்லை. எதிரி துறைமுகத்தில்தான் என்று நம்பி அவசரமில்லாமல் வந்த ஜெலிக்கோ, சில மணி நேரத்தில் மொத்த ஜெர்மன் படையும் எதிரே வருகிறது என்று கேட்டார். அன்று மாலை தன் படையை எந்தப் பக்கம் விரிப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நேரத்தில்கூட, எதிரிப் படை எங்கே என்று தன் முன்னணித் தளபதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைத்த துண்டுச் செய்திகளை வைத்து அவர் எடுத்த முடிவு நல்ல முடிவு, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் காலையில் நடந்த பிழையின் விலை இரவில்தான் தெரிந்தது. ஷியர் எந்த வழியாக வீடு திரும்புகிறார் என்று கரையிலிருந்து சரியான தகவல் வந்தபோது ஜெலிக்கோ அதை நம்பவில்லை. ஒருமுறை பொய்த்த வாயிலிருந்து வந்த சொல் அல்லவா? அதை உறுதிப்படுத்தியிருக்கக்கூடிய இன்னொரு இடைமறித்த செய்தி அவருக்கு அனுப்பப்படவே இல்லை. விடிவதற்குள் ஷியர் தப்பிவிட்டார். தகவல் திரட்டுபவரும் அதைப் பயன்படுத்துபவரும் ஒரே மேசையில் உட்காராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எம்டன் கதையை நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மன் போர்க்கப்பல். அதற்கு மூன்று புகைபோக்கிகள்தான். நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டால் தூரத்தில் பிரிட்டிஷ் குரூசர் போலத் தெரியும். அப்படித்தான் அக்டோபர் 28 அன்று பினாங் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ஜெம்சுக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அதே எம்டன், தொலைவில் தெரிந்த புகை தன்னுடைய நிலக்கரிக் கப்பலுடையது என்று முதலில் நம்பியது. வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல். பிறர் கண்ணை ஏமாற்றத் தெரிந்தவனின் கண்ணும், தான் எதிர்பார்த்ததைத்தான் முதலில் பார்க்கிறது.

இவ்வளவையும் ஒரே வகுப்பில் கொட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது. அதனால் நான் கேட்பது சின்னது.

குளச்சல் போர் பாடத்தை ஒட்டி ஒரு நாள் மாலை பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்து வாருங்கள். ஒரு குழு மணலில் நிற்கட்டும், இன்னொரு குழு உயரமான இடத்தில் நிற்கட்டும். கிழக்கே உள்ள பள்ளிகள் என்றால் வட்டக்கோட்டை மதில் அருமையான இடம். அதுவும் டிலனாய் காலத்தில் பலப்படுத்தப்பட்ட கோட்டைதான். இரு குழுவும் கடலில் தெரியும் வள்ளங்களையும் விசைப்படகுகளையும் எண்ணி எழுத வேண்டும். தாளில் மூன்று பத்திகள் போடச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது ஒன்று, பார்த்ததை வைத்து ஊகித்தது ஒன்று, பக்கத்தில் நின்றவர் சொல்லிக் கேட்டது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட வேண்டும். அப்புறம் இரு குழுவின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை படகு என்பதில் வேறுபாடு வரும், பரவாயில்லை. எந்தப் பத்தியில் எழுத வேண்டியதை எந்தப் பத்தியில் எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். ஊகித்ததைப் பார்த்தது என்று எழுதாத பிள்ளை எது என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த மாலையில் எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பேச விடுங்கள். ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு, கரையிலுள்ள கோயில் கோபுரமோ தேவாலயமோ ஒன்று, அதற்குப் பின்னாலுள்ள மலையுச்சி ஒன்று, இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும் இடம் பார்த்து, வேறு திசையில் இன்னொரு நேர்கோடும் பார்த்து, தண்ணீருக்கடியில் இருக்கும் பாறையை அவர்கள் தவறாமல் கண்டுபிடித்தார்கள். ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி யாரும் வலை போட்டதில்லை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள், அடிவானத்தில் தெரியும் கப்பலின் விளக்கைப் பார்த்தே அது தங்கள் பக்கம் வருமா என்று சொல்லிவிடுவார்கள். தப்பினால் உயிர் போகும் என்பதால் கற்ற கல்வி அது. இந்த அறிவு உள்ளவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பில், பெரும்பாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஒரு பாடத்திலாவது அவர்கள் முன்வரிசைக்கு வரட்டும்.

போட்டி நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப்போட்டியின் தலைப்பாக 'குளச்சலின் வீரம்' என்று வைப்பதோடு, '1741 ஜூன் மாதத்தில் நீங்கள் டச்சுத் தளபதி என்றால், உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது?' என்பதையும் வையுங்கள். அடுத்த ஆண்டு அதையே மார்த்தாண்ட வர்மாவின் இடத்திலிருந்து கேளுங்கள். எதிரியின் இடத்தில் நின்று யோசிப்பது எதிரியை ஆதரிப்பதாகாது. நாகர்கோவிலில் பிறந்த அட்மிரல் அப்படி யோசித்ததால்தான் விக்ராந்த் தப்பியது.

கடற்கரையில் பிள்ளைகளைக் கூட்டி வரும் நாளை ஆடி கழிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அலை அதிகம், வள்ளங்களும் குறைவாகத்தான் இறங்கும், எண்ண ஒன்றும் இருக்காது. மாலை நாலு மணிக்கு மேல் மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும். அதனால் எதைப் பார்க்க முடியாமல் போகிறது என்பதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். தாளும் பென்சிலும் நீங்கள் கொண்டுவாருங்கள். வள்ளத்தைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் எங்கள் தெருவில் பெரியவர்கள் இருக்கிறார்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
குளச்சலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கப்பல் மாலுமி